ஸ்பானியத்தில் ‘ஆ’ விகுதி கிடையாது: வாசகர் கேள்வி – பதில்

ஸ்பானிய மொழியின் ஒலிகள், ஏற்ற இறக்கம் பற்றித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஓர் அசைக்கு முன்னால் ´ என்ற குறி இருந்தால் அழுத்தம் அந்த அசையில். குறில் போட்ட இடத்தைக் குறிலாகவே வாசியுங்கள். பழக்கதோஷத்தில் நீட்டிவிட வேண்டாம்.

இணையவழியில் ஸ்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் மாதம் முழுக்க எழுத்தும் ஒலியுமாகவே போகிறது. மாணவர்கள் ஒவ்வொரு ஒலியையும் சுத்தமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்பெயின்காரரிடம் பேசினால் அவர் திரும்பத் திரும்ப என்ன, என்ன என்கிறார். கோளாறு எங்கே?
*ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை*

கோளாறு பாட வரிசையில் இருக்கிறது. ஸ்பானிய மெய்யொலிகளில் பெரும்பாலானவை தமிழ் வாய்க்கு ஏற்கெனவே கைவந்தவை. பல்லை ஒட்டி வரும் த, மூச்சு பீறிடாத ப, க, வருடிச் செல்லும் ர, ஞ எல்லாம் நம்மிடம் உண்டு. லைஸ்கர், ஆப்ரம்சன் என்ற இருவர் 1964-ல் 11 மொழிகளின் வெடிப்பொலிகளை அளந்து வெளியிட்டார்கள். அதில் தமிழும் ஸ்பானியமும் ஒரே பக்கம் நிற்கின்றன: அடைப்பு திறந்து சுமார் 30 மில்லி விநாடிக்குள் குரல் தொடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ப, ட, க-வுக்கு அது ஏறக்குறைய 60 முதல் 80 வரை போகும். ஆங்கிலேய மாணவன் மாதக்கணக்கில் விட்டொழிக்க வேண்டிய மூச்சு நம்மிடம் கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை போதும்: ஸ்பானிய டி (t) எழுத்தை ஆங்கிலப் பழக்கத்தில் ட ஆக்கக் கூடாது, அது த. இதற்கு ஒரு வகுப்பு தாராளம்.

நம்மிடம் இல்லாதது சொல்லழுத்தம். தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றினால் பொருள் மாறாது. குறிலை நெடிலாக்கினால்தான் மாறும். ஸ்பானியத்தில் இது அப்படியே தலைகீழ். உயிர் ஐந்துதான், குறில் நெடில் வேற்றுமை இல்லை, ஆனால் அழுத்தம் இடம் மாறினால் சொல்லே வேறாகிவிடும். ´அப்லொ என்றால் நான் பேசுகிறேன். அப்´லொ என்றால் அவர் பேசினார்.

இந்த இடத்தில்தான் உங்கள் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். புழக்கத்தில் உள்ள தமிழ்ச் சொல் எதுவும் குறில் ஒகரத்தில் முடிவதில்லை. அதனால் நம் நாக்கு கடைசி ஒ-வைத் தானாகவே ஓ ஆக்கி, அப்லோ என்று முடிக்கிறது. போதாக்குறைக்கு, தமிழ்த் தொடரில் சொற்கூட்டம் கீழே தொடங்கிக் கடைசி அசை நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. கடைசி அசை நீண்டு, சுருதியும் அங்கே ஏறினால், ஸ்பானியக் காது அழுத்தம் அங்கேதான் என்று தீர்மானித்துவிடும். மாணவர் “நான் பேசுகிறேன்” என்று சொன்னது “அவர் பேசினார்” என்று போய்ச் சேரும். ஒவ்வொரு ஒலியும் சரி, சேதி மட்டும் தப்பு.

முதல் வாரத்தையே இதற்கு ஒதுக்குங்கள். எழுத்திலிருந்து அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும் விதி சின்னது. சொல் உயிரிலோ என், எஸ் எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை. வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசை. இரண்டுக்கும் அடங்காவிட்டால் எழுத்தின் மேலேயே கோடு போட்டிருக்கும். பயிற்சிக்கு மும்மூன்று சொற்கள் கொண்ட கூட்டங்களை எடுங்கள். ´தெர்மினொ (கலைச்சொல்), தெர்´மினொ (முடிக்கிறேன்), தெர்மி´னொ (முடித்தார்) என்பது ஒன்று. முதலில் சொல்லாமல் “ம்” என்று முனகி, அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் குரலை ஏற்றி மேசையில் தட்டச் சொல்லுங்கள். பிறகு சொல்லோடு. அழுத்தம் பெற்ற உயிர் சற்று நீளும்தான். ஆனால் மாத்திரைக் கணக்கில் ஒன்றரையைத் தாண்டினால் நம் நெடிலாகிவிடும், அங்கேயே நிறுத்துங்கள். அழுத்தம் பெறாத கடைசி உயிரைச் சட்டென்று விடப் பழக்குவதுதான் கடினமான பகுதி. ஆனால் அதை விழுங்கிவிடவும் கூடாது: அ அ-வாகவே, ஒ ஒ-வாகவே கேட்க வேண்டும்.

மெக்சிகோ வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் வேலை. நான் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். அவர்கள் “சி, சி” என்று ஆமோதித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். இலக்கணம் சரி என்று என் மேலாளர் சொல்கிறார்.
*ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்*

நீங்கள் கேட்டது அவர்கள் காதில் கேள்வியாக விழவில்லை. தமிழில் “நாளைக்கு வாராரு”, “நாளைக்கு வாராரா” என்று ஓர் ஆ போட்டால் தீர்ந்தது. சுருதி ஏறாவிட்டாலும் கேள்வி கேள்விதான். “வாரியளா”, “சாப்ட்டியளா” என்று நம் பக்கத்தில் எவ்வளவு தணிந்த குரலில் கேட்டாலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்பானியத்தில் அந்த விகுதி இல்லை. ´ப்யெனெ ம´ஞன என்றால் நாளை வருகிறார். நாளை வருகிறாரா என்பதற்கும் அதே சொற்கள், அதே வரிசை. வித்தியாசம் முழுவதும் குரலில். எழுத்திலும் இந்தச் சிக்கல் இருந்ததால்தான் 1754-ல் ஸ்பானிய அரச அகாடமி கேள்வியின் தொடக்கத்திலேயே தலைகீழ்க் கேள்விக்குறி போடச் சொன்னது.

மெக்சிகோ நகரிலும் மாட்ரிட்டிலும் ஆம்–இல்லை கேள்வி இப்படிப் போகும். தொடக்கத்தில் ப்யெ-யில் கிளம்பும் ஏற்றம், சாதாரண வாக்கியத்தில் எட்டும் உயரத்தைவிடச் சற்று மேலே போகும். பிறகு இறங்கி, கடைசி அழுத்த அசையான ஞ-வில் குரல் கீழே கிடக்கும். அதற்குப் பின்னால் உள்ள ன-வில் மேலே ஏறி அப்படியே நிற்கும். சாதாரண வாக்கியத்தில் ஞ-வும் ன-வும் இறங்கி அடியில் முடியும்.

எவ்வளவு ஏற வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். பயிற்சிக்குச் சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்தைக் குறி வையுங்கள்; அது 7 செமிடோன் (அரைச் சுரம்). ஆணின் குரல் 110 ஹெர்ட்ஸில் கிடந்தால் 165-க்கு, பெண்ணின் குரல் 180-ல் கிடந்தால் 270-க்கு. தாய்மொழிக்காரர் சில சமயம் இதைவிட அதிகமாகவும் ஏற்றுவார், குறைவாகவும் ஏற்றுவார். ஆனால் ச–ப இடைவெளி கைவந்தவரின் கேள்வி தொலைபேசியிலும் கேள்வியாகவே போய்ச் சேரும். கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை ஓடவிட்டு, ஞ-வைச் சட்ஜமத்தில் வைத்து ன-வைப் பஞ்சமத்துக்கு வழுக்கிக்கொண்டு போங்கள்.

இதில் வழக்கமாக நேரும் தப்புகள் மூன்று. முழு வாக்கியத்தையும் உயரத்தில் சொல்வது ஒன்று. எல்லாம் மேலே இருந்தால் ஏற்றம் எங்கே தெரியும்? ஞ-விலேயே ஏற்றிவிடுவது இரண்டாவது. அது நம்ப முடியாமல் கேட்பதுபோல் ஆகிவிடும். மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரியது: கடைசி ன-வை நம் ஆ விகுதிபோல் இழுப்பது. சுருதிதான் ஏற வேண்டும், அசை நீள வேண்டாம்.

இன்னொன்று. எங்கே, எப்போது, எவ்வளவு என்று வினாச்சொல்லோடு தொடங்கும் கேள்விக்கு இந்த ஏற்றம் தேவையில்லை. ´தொந்தெ எஸ்´த (எங்கே இருக்கிறது) சாதாரணமாக இறங்கியே முடியும். ஏற்றி முடித்தால் தப்பில்லை, கூடுதல் பணிவோ ஆர்வமோ சேரும். கேள்விக்குறியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஏற்றும் பழக்கம் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றம் படியும்வரை, வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்ன நிறுத்தம் விட்டு “நொ?” என்று சேர்த்துக் கேளுங்கள். “வருகிறார், இல்லையா?” என்ற பொருளில் வேலை நடக்கும்.

கப்பலில் வேலை. கூட இருக்கும் கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ ஆட்கள் கேள்வி கேட்கும்போது குரல் இறங்குகிறது. வகுப்பில் ஏற வேண்டும் என்றார்களே?
*ஒரு மாலுமி, உவரி*

வகுப்பில் சொன்னதும் சரி, உங்கள் காது சொல்வதும் சரி. கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் ஆம்–இல்லை கேள்வி கடைசி அழுத்த அசையில் உயரமாகப் போய், அதற்குப் பிறகு விழும். ஸ்பெயினுக்கே சொந்தமான கேனரித் தீவுகளிலும் முடிவு இறக்கம்தான். அவர்களுடைய சாதாரண வாக்கியத்தில் அந்த அசை அவ்வளவு உயரம் போகாது. ஆகவே கடைசி அழுத்த அசையின் உயரத்தைக் கவனியுங்கள், முடிவை விட்டுவிடுங்கள். கூடவே அவர்கள் அசை முடிவில் வரும் ஸ்-ஐ ஹ்-போல ஊதிவிடுவார்கள் அல்லது விழுங்கிவிடுவார்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் அசை முடிவு ர் பல நேரம் ல் ஆகும். கேட்டுப் புரிந்துகொள்ள இவை எல்லாம் தேவை. நீங்கள் பேச ஒரே ஊர் வழக்கை வைத்துக்கொள்ளுங்கள். பாதி மாட்ரிட், பாதி ஹவானா என்று கலந்தால் இரு தரப்புக்கும் குழப்பம்.

´பெரொ என்றால் “ஆனால்”, ஆர் இரட்டித்தால் “நாய்”. எனக்கு இரண்டும் ஒன்றாகவே வருகிறது. இரண்டாவதை “பெற்றோ” என்று எழுதிப் படிக்கலாமா?
*கல்லூரி மாணவர், தென்காசி*

வேண்டாம். ற்ற என்று எழுதினால் நம் நாக்கு அங்கே அடைப்பைப் போட்டுவிடும். ஸ்பானிய இரட்டை ஆர் ஆடொலி: நாக்கு நுனி மேல்பல் ஈறில் இரண்டு மூன்று முறை படபடக்கும். ஒற்றை ஆர் வருடொலி, ஒரே தட்டு. “மரம்” என்பதில் உள்ள ர அப்படியே பொருந்தும். எழுத்தில் ர, ற இரண்டு இருந்தாலும் இன்று பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. குமரி எல்லையை ஒட்டிய பேச்சில் ற தனித்துக் கேட்பது உண்டு. அந்த வழக்கு உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

ஆடொலியை நாக்கின் பலத்தால் ஆட்ட முடியாது. மூச்சுதான் ஆட்டுகிறது. விநாடிக்கு 25 முதல் 30 முறை அடிக்கும் வேகத்துக்கு எந்தத் தசையையும் நாம் மனதறிந்து இயக்க முடியாது. நாக்கைச் சரியான இடத்தில், சரியான தளர்ச்சியில் வைத்துக் காற்றை விடுவது மட்டுமே நம் வேலை.

செய்முறை இது. நாக்கின் இரு ஓரங்களையும் மேல் கடைவாய்ப் பற்களோடு ஒட்டி வையுங்கள். ஓரத்தில் காற்று ஒழுகினால் நுனி ஆடாது. வாயை ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்க வேண்டாம். நுனியை மேல்பல் ஈறில் லேசாகத் தொட வையுங்கள். ட சொல்லும்போது சுருள்வதுபோல் பின்னால் மடங்கினால் காரியம் கெட்டது. முதலில் குரல் இல்லாமல் வெறும் காற்றை வேகமாக ஊதி, நுனி படபடக்கிறதா பாருங்கள். குரல் சேர்த்தால் தொண்டையிலேயே காற்றின் அழுத்தம் கொஞ்சம் குறைந்துவிடும். அதனால் ஊதும்போது வந்தது குரலோடு வராமல் போகலாம், அது இயல்பு. ஊதல் படிந்தபின் ´த்ரெஸ் (மூன்று), ´ஒத்ரொ (வேறு) போல த்-க்குப் பின் ர வரும் சொற்களில், த் விடுபடும் வேகத்திலேயே ர்ர்ர் என்று நீட்டிப் பாருங்கள். இது பயிற்சிக்கு மட்டும். பேச்சில் அங்கே வருடொலி போதும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் முயன்றால் நாக்கு விறைத்துப்போகும். ஐந்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்யுங்கள்.

இரட்டை எழுத்து உள்ள இடத்தில் மட்டும் ஆடொலி வரும் என்று நினைக்க வேண்டாம். சொல்லின் முதலில் வரும் ஆர், என், எல், எஸ் எழுத்துகளுக்குப் பின் வரும் ஆர் ஆகியவையும் ஆடொலியே. ஆடொலி வந்த புதிதில் உற்சாகத்தில் எல்லா ர-வையும் ஆட்டத் தோன்றும். அப்போது “ஆனால்” எல்லாம் நாயாகிவிடும். ஸ்பானியக் குழந்தைகளுக்கே கடைசியாக வாய்க்கும் ஒலிகளில் இது ஒன்று. அவசரப்பட வேண்டாம்.

“எவ்வளவு” என்று கேட்டால் “எப்போது” என்று புரிந்துகொள்கிறார்கள். இரண்டு சொல்லும் எனக்கு ஒரே மாதிரி இருக்கின்றன.
*ஒரு வாசகி, வள்ளியூர்*

இரண்டையும் தமிழில் ´குவந்தொ என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும், சிக்கலே அதுதான். “எவ்வளவு” என்பதில் டி (t) எழுத்து, அதிர்வில்லாத த. “எப்போது” என்பதில் டீ (d) எழுத்து, தமிழ் “பந்து” என்பதில் கேட்கும் அதிர்வுள்ள த. தமிழில் ந், ம், ங்-க்குப் பின் வல்லினம் வந்தால் குரல் தானாகச் சேர்ந்துவிடும்: பந்து, கம்பு, பங்கு. ஸ்பானியத்தில் அந்த இடத்தில் இரண்டு ஒலிகளும் எதிரெதிராக நிற்கும். ´மங்கொ என்பதை “பங்கு” போலச் சொன்னால் மாம்பழம். க-வை “பக்கம்” போல அதிர்வில்லாமல் சொன்னால் கை இழந்தவர். விற்பனை என்ற ´பென்த-வும் கட்டுத்துணியும் இப்படித்தான் குழம்பும்.

தமிழில் இரட்டித்த வல்லினம் எப்போதும் அதிர்வற்றது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “குவன்” என்று சொல்லி நிறுத்தி, “பத்து” என்பதில் வரும் த்தொ-வைச் சேருங்கள். விரலைத் தொண்டையில் வைத்தால் ன்-னில் அதிர்ந்து, த்த-வில் நின்று, ஒ-வில் மறுபடி அதிர வேண்டும். பிறகு இடைநிறுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

உயிருக்கு நடுவிலும் இதே கதை. ஒற்றை என்றால் அதிர்வு, இரட்டை என்றால் அதிர்வின்மை என்பது தமிழ்க் கணக்கு. ஸ்பானியத்தில் ஒற்றையாகவும் அதிர்வில்லாமலும் இருக்கும் த உண்டு. ´பொத (பூட்ஸ்) என்பதை நாம் ஒன்று “அது” போலத் தளர்த்திக் கல்யாணம் ஆக்கிவிடுகிறோம், அல்லது பொத்தா என்று இரட்டித்துவிடுகிறோம். இரட்டித்தால் பொருள் கெடாது, தாளம் கெடும். இரட்டிப்பிலிருந்து தொடங்கி அடைப்பு நேரத்தைப் பாதியாக்குவதே சுருக்கு வழி.

ஒரே டீ எழுத்துக்கு இரண்டு ஒலி என்கிறார்கள். விதி என்ன?
*ஒரு மாணவி, கல்லிடைக்குறிச்சி*

விதி உங்கள் வாயிலேயே இருக்கிறது. பி, டீ, ஜி (b, d, g) மூன்றும் நிறுத்தத்துக்குப் பிறகும் மூக்கொலிக்குப் பிறகும் அடைப்போடு வரும். டீ மட்டும் ல்-க்குப் பிறகும் அடைப்போடு வரும். மற்ற இடங்களில் நாக்கோ உதடோ நெருங்கும், ஒட்டாது. “அது” என்பதில் உள்ள து இந்தத் தளர்ந்த ஒலியேதான். விரல் என்ற ´தெதொ-வில் முதல் த அடைப்பு, இரண்டாவது தளர்ச்சி. வி எழுத்தும் பி எழுத்தும் ஸ்பானியத்தில் ஒரே ஒலி. அதற்கு நம் வ-வைப் போடாதீர்கள். கீழுதடு பல்லைத் தொடாமல் இரு உதடும் நெருங்க வேண்டும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது க-வில். “மகன்” என்பதை மஹன் என்றே பலரும் சொல்கிறோம். அதே பழக்கத்தில் அத்திப்பழம் என்ற ´இகொ-வைச் சொன்னால் காற்று உரசும் ஜே ஒலியாகிவிடும். அது மகன் என்ற சொல். ஸ்பானிய ஜி தளர்ந்தாலும் குரல் விடாமல் ஓடும், உரசல் கேட்காது.

போர்ச்சுகீசியச் சொற்கள் எங்கள் கரையில் நிறைய உண்டு. அது ஸ்பானிய உச்சரிப்புக்கு உதவுமா?
*ஒரு வாசகர், மணப்பாடு*

சொல் அறிவுக்குக் கொஞ்சம், உச்சரிப்புக்கு இல்லை. போர்ச்சுகலின் போர்ச்சுகீசியத்தில் அழுத்தமில்லாத உயிர்கள் மங்கிப்போகும், ஸ்பானியத்தில் மங்காது. மேசை என்ற பொருளுள்ள சொல் இரண்டிலும் ஒரே எழுத்துகள்தான், ஆனால் போர்ச்சுகீசியத்தில் நடு எஸ் அதிரும், ஸ்பானியத்தில் அதிராது. ரோஜா என்று சொல்லிப் பழகியவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்: ஸ்பானியத்தில் அது ´ரொஸ, நடுவில் சுத்தமான ஸ.

´எஸொ என்றால் “அது” என்று நினைத்தேன். நான் சொன்னதும் ஆசிரியர் சிரித்துவிட்டார். ஏன்?
*ஒரு வாசகி, சங்கரன்கோவில்*

யெஸொ என்று சொல்லியிருப்பீர்கள். அது சுவரில் பூசும் ஜிப்சம். “எது” என்பதை யெது என்றும், “ஒரு” என்பதை வொரு என்றும் தொடங்குவது நம் பேச்சு வழக்கு. கண்ணாடி முன் நின்று, உதடும் தாடையும் உயிர் நிலைக்கு வந்தபின் குரலைத் தொடங்குங்கள்.

இரு சொற்கள் சேரும் இடத்திலும் இந்த ய, வ நுழையும். தமிழில் உடம்படுமெய் இல்லாமல் இரண்டு உயிர் சேராது, ஸ்பானியத்தில் சேரும். “லொ எஸ்” என்பதை லொவெஸ் ஆக்காமல் ஒரே அசைபோல ஓட்ட வேண்டும். “ல அ´மிக” (தோழி) ல´மிக என்றே கேட்கும். என் (n) எழுத்தின் மேல் சுழி போட்டிருந்தால் அது நம் ஞ. மன்யன என்று பிரிக்க வேண்டாம். இரட்டை எல் பெரும்பாலான ஊர்களில் அழுத்தமான ய, ப்யூனஸ் அயர்ஸில் ஷ. எங்கேயும் ள கிடையாது.

தமிழர் பேசும் ஸ்பானியத்தின் ஏற்ற இறக்கத்தை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். ஒலிப்பதிவு, அளவீடு எப்படித் திட்டமிடுவது?
*ஆய்வு மாணவர், திருநெல்வேலி நகர்*

நல்ல தலைப்பு, செய்ய வேண்டிய வேலை. முதலில் வாக்கியம். ப, த, க, ஸ போன்றவை குரலை அறுக்கும், அடுத்த உயிரின் சுருதியையும் தொடக்கத்தில் தூக்கிவிடும். எனவே ம, ன, ல, ர மட்டும் உள்ள சொற்களாகப் பொறுக்குங்கள். அழுத்தம் மூன்று இடங்களிலும் வர வேண்டும்: ´நுமெரொ (எண்), ´லுன (நிலா), லி´மொன் (எலுமிச்சை). “ம´னொலொ ´மிர எல் லி´மொன்” (மனொலொ எலுமிச்சையைப் பார்க்கிறான்) என்ற சட்டத்தில் மூன்றையும் மாற்றி வையுங்கள். 3 சொல், கூற்று–கேள்வி என 2 வகை, 5 தடவை என்றால் ஒருவருக்கு 30 வாக்கியம். நடுவில் சம்பந்தமில்லாத 30 வாக்கியங்களைக் கலக்காவிட்டால் பட்டியல் வாசிக்கும் இழுவை வந்துவிடும். வாசிப்பு மட்டும் போதாது. “பக்கத்து வீட்டுக்காரர் நாளை வருவாரா என்று தெரிய வேண்டும், எப்படிக் கேட்பீர்கள்?” என்று சூழலைச் சொல்லிப் பதில் வாங்கும் முறையையும் சேருங்கள். ஒப்பிடும் தாய்மொழிக்காரர்கள் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கட்டும். மாணவர்களுக்கு எந்த ஊர் ஸ்பானியம் கற்பிக்கப்பட்டதோ அந்த ஊர்.

ஒலிப்பதிவு வேவ் கோப்பு, ஒற்றைத் தடம், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட். வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டாம். சுருக்கும்போது ஸ், ஃப் சிதையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். மெத்தை, துணி அலமாரி உள்ள அறை நல்லது. மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதால் கோடையில் விடிகாலைதான் வசதி, ஆனால் மயில் அகவும் ஊராக இருந்தால் அதுவும் பதிவாகும். கோயில் கொடை வாரத்தில் நாள் குறிக்காதீர்கள். பேசுபவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது முதல் வேலை.

அளக்க, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதிய பிராட் மென்பொருள் இலவசம். சுருதி எல்லையை ஆணுக்கு 75–300, பெண்ணுக்கு 100–500 ஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். எல்லை சரியில்லாவிட்டால் கோடு திடீரென்று இரு மடங்காகவோ பாதியாகவோ குதிக்கும். சரியாக 12 செமிடோன் தாவினால் அது பேச்சு அல்ல, பிழை. வாக்கிய முடிவில் குரல் கரகரத்தாலும் கோடு நம்பத்தகாது. அங்கே அலைகளைக் கண்ணால் எண்ணிச் சரிபாருங்கள். ஆண், பெண் குரல்களை ஹெர்ட்ஸில் ஒப்பிடாதீர்கள். மேல் அளவைக் கீழ் அளவால் வகுத்து, 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்து, 12-ஆல் பெருக்கினால் செமிடோன். 1.5-க்குக் குறைந்த வித்தியாசத்தைக் காதுக்கு எட்டாததாக ஒதுக்குவது இந்தத் துறையில் பலரும் கைக்கொள்ளும் வழக்கம்.

எதை அளப்பது என்பதில்தான் உங்கள் ஆய்வின் உயிர் இருக்கிறது. ஸ்பானியக் கூற்றின் கடைசியில் வராத சொல்லில் ஏற்றம் அழுத்த அசையில் தொடங்கி, உச்சி அதற்கடுத்த அசையில் விழும். மனொலொ-வில் னொ-வில் கிளம்பி லொ-வில் உச்சி. தமிழ்ப் பழக்கத்திலும் உச்சி கடைசி அசையான லொ-வில்தான் விழும். எனவே இந்த வகைச் சொல்லில் மாணவர் செய்வது தற்செயலாகச் சரியாகவே தெரியும். நுமெரொ போன்ற சொல் வாக்கியக் கடைசிக்கு முன்னால் வரும்போதுதான் வண்டவாளம் வெளிப்படும்: ஸ்பானியத்தில் உச்சி மெ-யில், தமிழ் வழியில் ரொ-வில். ஆகவே நுமெரொ-வை வாக்கியத் தொடக்கத்தில் வைத்தும் ஒரு கூட்டம் வாக்கியம் எழுதுங்கள். அழுத்த அசையின் தொடக்கத்திலிருந்து உச்சி வரையுள்ள நேரத்தை அந்த அசையின் நீளத்தால் வகுத்தால் ஒப்பிடத்தக்க எண் கிடைக்கும். ஒன்றுக்கு மேல் போனால் உச்சி அசையைத் தாண்டிவிட்டது என்று பொருள். ப்யூனஸ் அயர்ஸில் உச்சி அழுத்த அசைக்குள்ளேயே விழும். இத்தாலியக் குடியேற்றத்தோடு அதைத் தொடர்புபடுத்தி லாரா கொலன்டோனியும் ஹோர்ஹே குர்லெகியனும் 2004-ல் எழுதினார்கள். ஒரு மொழியின் ஏற்ற இறக்கம் இன்னொன்றுக்குள் எப்படிக் குடியேறுகிறது என்ற உங்கள் கேள்விக்கு அது நெருங்கிய உறவு.

ஏற்ற இறக்கத்தைக் குறியிட, 2002-ல் முன்வைக்கப்பட்ட ஸ்பானிஷ் டோபி முறை இருக்கிறது. பார்சிலோனாவின் பிலார் பிரியெட்டோ, பாவ்லோ ரோசேயானோ இருவரும் 2010-ல் 10 வட்டார வழக்குகளுக்கு அதை விரித்தார்கள். ஊர்வாரியான பதிவுகளை அவர்களுடைய இணைய வரைபடத்தில் இலவசமாகக் கேட்கலாம். தொமாஸ் நவாரோ தொமாஸ் 1918-ல் உச்சரிப்புக்கும் 1944-ல் ஏற்ற இறக்கத்துக்கும் எழுதிய கையேடுகள் காஸ்டிலியப் படித்தவர் பேச்சை அடிப்படையாகக் கொண்டவை. வாசியுங்கள், ஆனால் மெக்சிகோ மாணவருக்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

கைபேசிச் செயலி என் உச்சரிப்புக்குத் தொடர்ந்து உயர்ந்த மதிப்பெண் தருகிறது. நம்பலாமா?
*ஒரு வாசகர், சேரன்மகாதேவி*

நீங்கள் சொன்ன சொல் எது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த நிரல். தப்பாகச் சொன்னாலும் ஊகித்துவிடுவது அதன் திறமை. ஆகவே சொல் அடையாளம் தெரிந்ததற்கான மதிப்பெண்ணாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைச் சோதிக்க வேறு வழி உண்டு. கைபேசியில் ஸ்பானிய விசைப்பலகையைச் சேர்த்து, குரலில் தட்டச்சு செய்யும் வசதியைத் திறந்து, ´தெர்மினொ, தெர்´மினொ, தெர்மி´னொ மூன்றையும் கலைத்துப்போட்டுச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த எழுத்தின் மேல் கோடு விழுகிறதா, நடுச் சொல்லில் கோடே இல்லாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சொல்லையும் தனியாகச் சொல்லி, அழித்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். வாக்கியத்துக்குள் வைத்தால் இலக்கணத்தைக் கொண்டு ஊகித்து அதுவே திருத்திவிடும்.